பழைய பியானோவும் பிளாஸ்டிக் முழங்கையும்

ஒரு கருவியின் ஆயுளை அதன் வலிய உறுப்பு முடிவு செய்வதில்லை. நலிந்த உறுப்பே முடிவு செய்கிறது. அமெரிக்க ஸ்பினெட் பியானோவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பார் பியானோவை உருவாக்கினார். அவர் 1720இல் செய்த கருவி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. மரமும் தோலும் மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நிற்க, நேற்று வந்த பிளாஸ்டிக் சில பத்தாண்டுகளில் நொறுங்கியது ஏன்?

1909இல் அமெரிக்காவில் 360,000க்கும் மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன. பின்னர் வானொலியும் 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் அத்தொழிலை நலியச் செய்தன. சிறிய வீடுகளுக்கும் எளிய வருவாய்க்கும் ஏற்றதாக, 1930களின் நடுவில் ஸ்பினெட் என்னும் குட்டைப் பியானோ தோன்றியது. உயரத்தைக் குறைக்கும் பொருட்டு, சுத்தியல்களை இயக்கும் பொறியமைப்பைக் கட்டைகளின் மட்டத்திற்குக் கீழே தாழ்த்தினர். ஆகவே கட்டையின் பின்முனை, ஒரு கம்பியால் பொறியை மேல்நோக்கி இழுக்க வேண்டியதாயிற்று. அக்கம்பியைப் பொறியோடு இணைக்கும் சிற்றுறுப்பே ‘முழங்கை’. 1940களிலும் 1950களிலும் பலர் அதனைப் பிளாஸ்டிக்கால் வார்த்தனர். ஈரத்தால் உப்பாது, அளவு மாறாது, அன்று அது புதுமையின் அடையாளம். ஆனால் காலப்போக்கில் அது முறுகி, விரல் பட்டாலே உடையும் நிலையை அடைந்தது.

இத்தகைய பியானோவைப் பழுது பார்க்கலாமா? பாட்டியார் வாசித்த கருவியில் பெயர்த்தி பயிலத் தொடங்கும் வீட்டில் இது வெறும் பணக் கணக்கன்று. எனினும் பாசம் மட்டுமே தீர்ப்பளித்தல் ஆகாது.

முதலில், பிளாஸ்டிக் எங்கெங்கு உள்ளது என்று காண வேண்டும். முழங்கைகள் மட்டுமே எனில் நம்பிக்கை உண்டு, புதியவை கிடைக்கின்றன. ஆனால் உடைந்த ஒன்றை மட்டும் மாற்றுதல் வீண். ஒரே வயதுடைய ஏனையவையும் அடுத்தடுத்து உடையும். 88 முழங்கைகளையும் ஒருசேர மாற்றுவதே முறை. சுத்தியல்களைத் தாங்கும் மூட்டுகளும் பிளாஸ்டிக் எனில், மாற்ற வேண்டியவை நூற்றுக்கணக்காகப் பெருகும்; கூலி கருவியின் விலையை விஞ்சிவிடும். அடுத்து, தந்திகளை முறுக்கி நிறுத்தும் முளைகள் மரத்தில் இறுகப் பொருந்தியுள்ளனவா என்று சோதிக்க வேண்டும். முளை தளர்ந்தால் சுருதி நில்லாது. சுருதி நில்லாத பியானோவுக்குப் புதிய முழங்கை பூட்டிப் பயனில்லை.

முளைகள் இறுகி, ஒலிப்பலகை நலமாக இருந்து, முழங்கை மட்டும் நொறுங்கியதாயின், விரலளவு உறுப்புக்காக முழுக் கருவியையும் எறிவது பேதைமை. எல்லாம் தளர்ந்த பின்னும் பொருளைக் கொட்டுவதும் பேதைமையே. அப்பொருள் குழந்தைக்கு வேறொரு நல்ல கருவியைத் தரக்கூடும். பாட்டியாரின் நினைவு பிளாஸ்டிக்கில் இல்லை. பெயர்த்தியின் விரல்களில் தொடரும் இசையிலேயே உள்ளது.