இனிப்பும் நஃப்ஸும்: பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது?

குன்றத்தூரிலிருந்து அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் செல்லும் சாலையில் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். பேக்கரி, ஐஸ்கிரீம் கடை, ஜூஸ் கடை, ஸ்வீட் ஸ்டால் என்று பத்தடிக்கு ஒரு கடை நம்மை அழைக்கிறது. அஸருக்குப் பிறகு மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் ஏதாவது ஒரு பாக்கெட்டுடன்தான் வருகிறார்கள். "என்ன சொன்னாலும் கேட்க மாட்டேங்கிறான் ஹஜ்ரத், வீட்டில் ஒரு டப்பா பிஸ்கட் இரண்டு நாள் தங்குவதில்லை" என்று தாய்மார்கள் வருந்துகிறார்கள்.

பிள்ளைகளைச் சொல்லும் முன் பெரியவர்களான நம் நிலையையும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில் நமது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பது மருத்துவக் கணக்கு. நிக்காஹ், வலீமா, புதுமனை புகுதல் என்று எங்கே போனாலும் "ஹஜ்ரத், இன்னும் ஒரு கரண்டி" என்று பிரட் அல்வாவை வைக்கும் அன்பான கைகளுக்கு மறுப்புச் சொல்லத் தெரியாமல் இருபது ஆண்டுகளைக் கழித்ததன் பலனில் ஒரு பங்கு அது. ஆகவே இந்தக் கட்டுரை மற்றவர்களுக்கான உபதேசம் மட்டுமல்ல.

இனிப்பு குற்றமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இனிப்பு ஹலாலானது. நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அல்லாஹ் அனுமதித்ததைத் தடை என்று பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. "சாக்லேட் சாப்பிட்டால் பாவம்" என்று மிரட்டும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. அது மார்க்கமும் அல்ல, பயனும் தராது.

அதே சமயம் ஹலாலானதற்கும் எல்லை உண்டு. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில்தான் (அல்அஃராஃப் 7:31) வீண் விரயம் செய்ய வேண்டாம் என்றும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும், அதற்கு மேல் தேவைப்பட்டால் வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் இருக்கட்டும் என்பது மிக்தாம் பின் மஅதீகரிப் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து (திர்மிதி). இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யா நூலில் மனிதனை அழிக்கும் குணங்களைப் பேசும் பகுதியில், வயிற்றின் ஆசைக்கும் பாலுணர்வின் ஆசைக்கும் என்றே ஒரு தனிப் பாடம் ஒதுக்கியிருக்கிறார்.

நம் வீடுகளின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்று அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதாவது ஏழு பேருக்கு ஒருவர். ஜும்ஆ தொழுகையின் ஒரு வரிசையில் இருபத்தொரு பெரியவர்கள் நின்றால் மூவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிப்பு ஒன்றே இதற்குக் காரணமல்ல. பரம்பரை, வயிற்றுக் கொழுப்பு, உடலுழைப்பின்மை, தட்டு நிறைய வெள்ளைச் சோறு எல்லாம் சேர்ந்ததுதான் இந்த நோய். ஆனால் நாம் தினமும் கூட்டவோ குறைக்கவோ முடிந்தவற்றில் சர்க்கரை முக்கியமானது. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையால் கிடைக்கும் சக்தி நாளின் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. அந்த 5 சதவீதம் என்பது பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 300 மில்லி பாட்டில் ஒன்றிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது.

ஸ்டான்ஃபோர்டின் மிட்டாய்ச் சோதனை

பிள்ளைகளின் கட்டுப்பாடு பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு சோதனையை எடுத்துக் காட்டுவார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் உளவியலாளர் வால்டர் மிஷெல் நடத்தியது அது. நான்கைந்து வயதுப் பிள்ளையின் முன் ஒரு தின்பண்டம் வைக்கப்படும். இப்போதே சாப்பிட்டால் ஒன்று, ஆய்வாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள் என்று 1990இல் எழுதப்பட்டது. அதிலிருந்து, பொறுமை என்பது சில பிள்ளைகளிடம் பிறவியிலேயே இருக்கும் குணம், இல்லாதவன் உருப்பட மாட்டான் என்பதுபோல் பலர் பேசத் தொடங்கினார்கள்.

ஆனால் 2018இல் 900க்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு குறைந்துவிட்டது. ஒரு மிட்டாய்க்காகக் காத்திருக்காத பிள்ளையைப் பார்த்து அவன் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

மிஷெலின் சோதனைகளிலேயே பெற்றோருக்கு அதிகம் பயன்படும் வேறொரு செய்தி இருக்கிறது. தின்பண்டங்கள் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடமே காத்திருந்தார்கள். அவை கண்ணில் படாமல் வைக்கப்பட்டபோது 11 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பண்டம் வைக்கப்பட்ட இடம்தான் அந்தப் பத்து நிமிட வித்தியாசத்தை உண்டாக்கியது. சாப்பாட்டு மேசையின் நடுவில் இனிப்பு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு "கை வைக்காதே" என்று நூறு முறை சொல்வதைவிட, அதை மூடி மேல் அலமாரியில் வைப்பது பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி.

வாக்குத் தவறினால் பொறுமை போகும்

2013இல் வெளியான இன்னொரு ஆய்வு நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது அது. மிட்டாயை வைக்கும் முன் பிள்ளைகளிடம் சாதாரண வண்ணக்குச்சிகளைக் கொடுத்து, "சற்றுப் பொறு, இதைவிட நல்லது கொண்டு வருகிறேன்" என்று சொல்லிப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அதன் பிறகே மிட்டாய்ச் சோதனை. வாக்கு நிறைவேற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் மூன்று நிமிடம்தான்.

இதைப் படித்தபோது நம் மக்தபில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. சூரா அல்முல்கைப் பிழையின்றி ஒப்பிப்பவருக்கு வெள்ளிக்கிழமை பேனா செட் தருவதாகச் சொல்லியிருந்தோம். ஒரு சிறுவன் ஒப்பித்தான். அந்த வெள்ளிக்கிழமையும் அடுத்த வெள்ளிக்கிழமையும் நாம் மறந்துபோனோம். அடுத்த மாதம் யாரோ ஒருவர் பிள்ளைகளுக்கென்று மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். "இப்போது ஒன்று எடுங்கள், பாடம் முடிந்ததும் இன்னும் இரண்டு" என்றோம். அந்தச் சிறுவன் முதலிலேயே மூன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, "அப்புறம் தரேன்னு சொல்வீங்க ஹஜ்ரத், மறந்துடுவீங்க" என்றான். அவனிடம் பேராசை இருக்கவில்லை. நம் சொல்லின் மதிப்பை அவன் சரியாகக் கணக்கிட்டிருந்தான். அன்று இரவே பேனா செட் வாங்கினோம். ஆனால் அவன் நம்பிக்கை திரும்ப மாதங்கள் ஆயின.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கான பாடம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களின் வீட்டில் இருந்த நேரத்தில், தாயார் "இங்கே வா, ஒன்று தருகிறேன்" என்று மகனை அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள் (அபூதாவூத்). ஒரே ஒரு பேரீச்சம்பழம்தான். அழைப்பதற்காகச் சொன்ன ஒரு வார்த்தைதான். அதையும் நபியவர்கள் சிறியதாக விடவில்லை.

"அழாதே, வரும்போது ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகும் ஒவ்வொரு அத்தாவும், ஒவ்வொரு உம்மாவும் இந்த ஹதீஸை நினைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிற பிள்ளையால்தான் இப்போது கையை மடக்கிக்கொள்ள முடியும்.

காரணம் சொல்லித் தடுப்பது

சிறுவர் ஹஸன் (ரலி) தர்மமாக வந்த பேரீச்சம்பழங்களில் ஒன்றை எடுத்து வாயில் போட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் துப்பும்படி செய்தார்கள். தர்மப் பொருளை நாம் உண்பதில்லை என்பது உனக்குத் தெரியாதா என்று காரணத்தையும் சொன்னார்கள் (புகாரி). தடுப்பதும் இருந்தது, விளக்குவதும் இருந்தது. பேரன் மீதிருந்த பாசம் தடுப்பதற்குத் தடையாகவும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு யாருக்கும் தெரியாமல் மிட்டாய் கொடுக்கும் நன்னாக்களும் நன்னிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

சபையில் ஒன்று

பலர் சேர்ந்து உண்ணும்போது, உடனிருப்பவரிடம் அனுமதி கேட்காமல் இரண்டு பேரீச்சம்பழங்களைச் சேர்த்து எடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). பஞ்சம் நிலவிய ஓர் ஆண்டில் பிறருக்குப் பேரீச்சம்பழம் வழங்கப்பட்டபோது அவர்கள் இதை நினைவூட்டினார்கள். அடுத்தவரின் பங்கு நம் தட்டில் இருக்கலாம் என்ற உணர்வே இங்கே கட்டுப்பாடாகிறது.

ஜாபிர் (ரலி) இறைச்சி வாங்கிச் செல்வதைக் கண்ட உமர் (ரலி), ஆசைப்பட்டு வாங்கினோம் என்ற பதிலைக் கேட்டதும், அண்டை வீட்டாரையும் உறவினரையும் விட்டுவிட்டுத் தன் வயிற்றை மட்டும் நிரப்ப நினைப்பதா என்று கடிந்துகொண்டதாக முவத்தாவில் வருகிறது. நம் விருந்துகளில் சாப்பிட முடியாமல் இலையிலும் தட்டிலும் விடப்படும் இனிப்பை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

உபசரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சுகர் இருக்கு, வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். பெரிய மஹல்லாவில் அந்த 'ஒரு நாள்' வாரத்துக்கு மூன்று முறை வரும்.

நோன்பு தரும் பயிற்சி

பதின்மூன்று மணி நேரம் தண்ணீர்கூடத் தொடாத நம்மால், மஃக்ரிப் முடிந்து கால் மணி நேரத்தில் சமோசா, ஜிலேபி, சர்பத், ஃபலூதா என்று நான்கையும் முடிக்க முடிகிறது. பகலில் கற்றதை இரவில் இழக்கிறோம். சில பேரீச்சம்பழங்கள், இல்லையேல் சில மிடறு தண்ணீர் கொண்டு நபியவர்கள் நோன்பு திறந்து, பின்னர் தொழுதார்கள் என்பது அனஸ் (ரலி) அறிவிப்பு (அபூதாவூத், திர்மிதி). நம் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சியும் இந்த எளிமையைச் சேர்ந்ததுதான். நீரிழிவு உள்ளவர்கள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைச் சந்தித்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்துள்ள சலுகையை ஏற்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டில் இன்றே தொடங்கக் கூடியவை

1. இனிப்பை வீட்டில் கண்ணில் படாத ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். பழத்தை முன்னால் வையுங்கள்.

2. இனிப்புக்கு நாளோ நேரமோ குறித்துவிடுங்கள். ஜும்ஆ அன்று மாலை என்றால், அன்று கேட்காமலே கொடுங்கள். வாக்கு உங்களுடையது.

3. நிறைவேற்ற முடியாததைச் சொல்லாதீர்கள். மறந்துவிட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு அன்றே ஈடு செய்யுங்கள்.

4. மக்தபிலும் வீட்டிலும் மிட்டாயையே பரிசாக்காதீர்கள். பேனா, புத்தகம், பாராட்டு, கடற்கரைக்கு ஒரு பயணம் போதும்.

5. பாக்கெட்டின் பின்புறம் சர்க்கரை அளவைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். நான்கு கிராம் ஒரு தேக்கரண்டி என்று கணக்குப் போடட்டும். பள்ளிகளில் சர்க்கரை விவரப் பலகை வைக்கச் சிபிஎஸ்இ 2025இல் அறிவுறுத்தியது. மக்தப் சுவரிலும் ஒன்று வைக்கலாம்.

6. முப்பது வயதைத் தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை அளவை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் உறுதியானவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

7. பெரியவர்கள் முதலில் தம் தேநீரில் அரைக் கரண்டி குறைக்கட்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாமும் தேநீரில் சர்க்கரையை விட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. முதல் இரண்டு வாரம் கசந்தது. இப்போது பேரீச்சம்பழம் ஒன்று முன்னைவிட அதிகம் இனிக்கிறது. பேனா செட் வாங்கிய அந்தச் சிறுவன் சென்ற மாதம் மிட்டாய் வழங்கியபோது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "மீதி அப்புறம் ஹஜ்ரத்" என்று சொல்லி உட்கார்ந்தான். பாடம் முடிந்ததும் முதல் வேலையாக அவனிடம் இரண்டைக் கொடுத்தோம்.

வல்ல அல்லாஹ் நம் நஃப்ஸை அடக்கும் வலிமையையும், பிள்ளைகளிடம் சொன்ன சொல்லைக் காக்கும் நேர்மையையும், உடல்நலத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.