ஒருபக்கப் புறக்கணிப்பும் வரைதல் சோதனைகளும்

மூளை பாதிக்கப்பட்டபின், பார்வை இருந்தும் ஒரு பக்கத்தில் உள்ளவை கவனத்தில் படாமல் போகும் நிலை ஒருபக்கப் புறக்கணிப்பு எனப்படும். மூளையின் வலது அரைக்கோளத்தைத் தாக்கும் பக்கவாதமே இதற்கு முக்கியக் காரணம். எனவே பெரும்பாலும் விடுபடுவது இடப்பக்கம். நோயாளி தட்டின் வலப்பாதியில் உள்ள சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுவார். இடக்கன்னத்தை மழிக்காமல் விடுவார். தம்மிடம் குறை இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதால் கேட்டு அறிவது கடினம். வரையச் சொன்னால் தெரிந்துவிடும். இடக்கை செயலிழந்திருந்தாலும் வலக்கை இயங்குவதால் பெரும்பாலோரால் பென்சில் பிடிக்க முடிகிறது.

தாள் நோயாளியின் உடலின் நடுக்கோட்டுக்கு நேராக வைக்கப்படும். தாளைத் திருப்பவோ நகர்த்தவோ அவரை விடக்கூடாது. இடப்பக்கம் பார்க்கும்படி ஒரு சொல் சொன்னாலும் சோதனை கெட்டுவிடும். பார்த்து வரைவது, நினைவிலிருந்து வரைவது என இருவகை உண்டு. 1987-இல் பிரிட்டனில் பார்பரா வில்சன் குழுவினர் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் நட்சத்திரம், கனசதுரம், பூ ஆகியவற்றைப் பார்த்தும், கடிகார முகம், மனித உருவம், வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றை நினைவிலிருந்தும் வரைய வேண்டும். இரு பக்கமும் ஒத்திருக்கும் உருவங்களில்தான் விடுபட்டது பளிச்செனத் தெரியும்.

கடிகாரப் படம் பலமுறை விவரிக்கப்பட்டுள்ளது. வட்டம் பெரும்பாலும் முழுமையாகவே அமையும். கை பழகிய ஒரே வீச்சில் அது முடிந்துவிடுகிறது. எண்களில்தான் சிக்கல். சிலர் 12-இல் தொடங்கி 6-இல் நிறுத்திவிடுவர். சிலர் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதுவர். முடிந்ததா என்று கேட்டால், முடிந்தது என்பார்கள்.

எதை அடிப்படையாகக் கொண்டு 'இடப்பக்கம்' தீர்மானிக்கப்படுகிறது என்பதே இச்சோதனைகள் எழுப்பிய ஆழமான கேள்வி. 1972-இல் இத்தாலிய நரம்பியலாளர் குய்தோ கைனோத்தி குழுவினர், ஒரு வீடும் அதன் இருபுறமும் மரங்களும் உள்ள காட்சியைப் பார்த்து வரையச் செய்தனர். சிலர் இடப்புற மரங்களை அடியோடு விட்டனர். வேறு சிலரோ எல்லா மரங்களையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் இடப்பாதியை மட்டும் விட்டனர். முதல் வகையில் புறக்கணிப்பு பார்ப்பவரின் இடத்தைச் சார்ந்தது. இரண்டாவதில் பொருளைச் சார்ந்தது. 1993-இல் ஜான் மார்ஷலும் பீட்டர் ஹாலிகனும் ஒரு நோயாளியிடம் இதை மேலும் நுட்பமாகக் காட்டினர். ஒரே தண்டில் கிளைத்த இரு பூக்களைத் தந்தபோது இடப்பூ முழுவதும் விடுபட்டது. தண்டை நீக்கித் தனித்தனிப் பூக்களாகத் தந்தபோது இரண்டையும் வரைந்து, ஒவ்வொன்றின் இடப்பாதியையும் விட்டார். எது ஒரு பொருள் என்று மூளை முதலில் பிரித்துக்கொள்கிறது, அதன் பிறகே கவனம் தவறுகிறது என்பது இதிலிருந்து புலப்படுகிறது.

ஓவியர்களிடமும் இது பதிவாகியுள்ளது. ஜெர்மானிய ஓவியர் அன்டோன் ரேடர்ஷைட் 1967-இல் பக்கவாதத்துக்குப் பின் வரைந்த தற்சித்திரங்களில் முதலில் இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. மாதங்கள் செல்லச் செல்ல அது நிரம்பியது.

ஆனால் படம் குலைந்திருப்பதாலேயே புறக்கணிப்பு என்று முடிவுகட்டக் கூடாது. மறதிநோயிலும் கடிகாரம் சிதையும். கட்டமைத்து வரையும் திறனை இழந்தவரின் படம் இரு பக்கமும் குலையும். எழுதிப் பழகாதவருக்குப் பென்சிலே புதிது. பார்வைப் புலத்தில் பாதியை மட்டும் இழந்தவர், தலையைத் திருப்பி ஈடுசெய்து படத்தை முடித்துவிடுவது வழக்கம். மதிப்பெண் இடுவதிலும் சோதிப்பவரின் கணிப்பு கலக்கிறது. ஆகவே, தாளில் சிதறிய சிறு நட்சத்திரங்களையோ மணிகளையோ தேடி அடிக்கும் சோதனைகளும் கோட்டை நடுவில் பிரிக்கும் சோதனையும் உடன் செய்யப்படுகின்றன. நட்சத்திரச் சோதனை லேசான புறக்கணிப்பையும் பிடித்துவிடும். இவற்றில் தேறியவரும் நடக்கும்போது கதவு நிலையில் இடத்தோளை இடித்துக்கொள்ளக்கூடும். அதனால் உடுத்துதல், உண்ணுதல், நடமாடுதல் உள்ளிட்ட 10 அன்றாடச் செயல்களை நேரில் கவனித்து மதிப்பிடும் கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோலும் மறுவாழ்வு மையங்களில் பயன்படுகிறது.