பேர் அழிந்த கேசட்



2000ஆம் வருடம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் போய் வந்த மாமா ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். நாட்றாம்பாளையத்தில் எங்க தெருவுக்கே அது ஒண்ணுதான். கரண்ட் இருந்தால் ‘காண்ட்ரா’, இல்லாவிட்டால் கோலி. கேசட் மேலே ‘9999 கேம்’ என்று போட்டிருக்கும். உள்ளே நாலைந்து விளையாட்டே வேறு வேறு நம்பரில் திரும்பத் திரும்ப வரும்!

பொறியியல் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல்தான் நம்ம டிவி கேம். அந்த ஜப்பான் பெட்டியில் பூட்டு கிடையாது. 1985இல் அமெரிக்காவில் விற்ற பெட்டியில்தான் பூட்டுச் சிப் வைத்தார்கள். பெட்டியின் சிப்பும் கேசட்டின் சிப்பும் ஒத்துப்போகாவிட்டால் விளையாட்டு ஓடாமல் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். பூட்டில்லாத பெட்டி நகலெடுப்பவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

‘காண்ட்ரா’வை 1988இல் அந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்தது கொனாமி. இது எனக்குத் தெரியவே இருபது வயசாச்சு. நகல் கேசட்டுகள் பலவற்றில் முதல் திரையிலிருந்த கம்பெனி பேரையே அழித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் 1994 திருத்தம், திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. 2012 திருத்தம், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையும் குற்றமாக்கியது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி வைத்திருப்பவர் சேதத்துக்குப் பாதுகாப்பாக நகல் எடுத்துவைக்க அனுமதிக்கிறது.

இது சின்ன விஷயமில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. விற்பவரும் இல்லை, காப்பவரும் இல்லை என்றால் அவை என்ன ஆகும்?

திருடுவது தப்பு, செய்தவர் பேரை அழிப்பது அதைவிடத் தப்பு. இதைச் சொல்கிற நானே குற்றவாளிதான். இறுதியாண்டில் மூன்று பேர் ராத்திரி பகலாக எழுதிய எங்கள் புராஜெக்ட்டும் ஒரு விளையாட்டுதான். ஒரே ஒரு சிடி வைத்திருந்தோம். கீறல் விழுந்து போச்சு. இன்று அதைக் காட்டச் சொன்னால் வெறும் கைதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் உங்கள் புராஜெக்ட் பிளாப்பியை, சிடியைத் தூக்கிப் போடாதீங்க. ஓடுகிறபோதே இரண்டு நகல் எடுங்க. மேலே செய்தவர்கள் பேரை எழுதுங்க. அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாங்க!