வேப்பலோடை

தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய கடலோரக் கிராமம். காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகக் கரிசல்காட்டைக் கடந்து தூத்துக்குடிக்கு வருபவர்கள் அங்கிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், உப்பளங்களுக்கு நடுவே இவ்வூரை அடையலாம். இந்தியாவில் முத்துச்சிப்பி வளர்ப்பு வேர்விட்டது இங்கேதான்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு சங்ககாலத்திலேயே பேர்பெற்றது. போர்ச்சுக்கீசியரை விரட்டிவிட்டு 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களும் இங்குள்ள சிப்பிப் பார்களின் (சிப்பி படியும் கடலடித் திட்டுகளின்) மீதே கண் வைத்தார்கள். ஆனால் பார்களை நம்ப முடியாது: சில வருடம் சிப்பி குவியும், பல வருடம் ஒன்றும் இராது. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

அதன்பிறகு கடலை எதிர்பார்ப்பதை விட்டு, சிப்பியை வளர்க்க முனைந்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 1972இல் வேப்பலோடையில் பண்ணை தொடங்கியது. விஞ்ஞானி க. அழகர்சாமி தலைமையில் 1973இல் உருண்டை முத்து கிடைத்தது. வேலை நுட்பமானது. உயிருள்ள சிப்பியை லேசாகத் திறந்து, ஓட்டிலிருந்து கடைந்த மணியையும் வேறொரு சிப்பியின் மேலுறைத் துணுக்கையும் உள்ளே வைப்பார்கள். பிறகு கூண்டிலிட்டு, மிதவையிலிருந்து கடலில் தொங்கவிடுவார்கள். மணியைச் சுற்றி முத்துப்பூச்சு படியப் பல மாதம் ஆகும். 1981இல் சிப்பிக்குஞ்சுகளைத் தூத்துக்குடிப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கினார்கள்.

முத்துச்சிப்பியோடு உண்ணும் சிப்பியை வளர்க்கும் முறையும் தூத்துக்குடியில் உருவானது. ஆனால் சிப்பி சாப்பிடும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இல்லாததால், அத்தொழில் கேரளக் காயல்களில்தான் காலூன்றியது.