மேற்குரல் இல்லாத ஏடுகள்

வெனிஸ் நகரத்து ஓவியர் விட்டோரே கர்பாச்சோ, குழந்தை இயேசு ஆலயத்தில் காணிக்கையாக்கப்பட்ட நிகழ்ச்சியை 1510-ஆம் ஆண்டில் தீட்டினார். அன்னை மரியாவும் முதியவர் சிமியோனும் நிற்கும் மேடையின் அடியில் மூன்று சிறு வானதூதர்கள் இசைக்கின்றனர். நடுவில் இருப்பவர் காலின்மேல் கால் போட்டு, தம் சிறு கைகளுக்குள் அடங்காத ஒரு கருவியை அணைத்துக்கொண்டு, அதன் ஒலியில் தம்மை மறந்திருக்கிறார். அக்கருவியின் பெயர் லூட்.

அரபு நாட்டினர் 'அல் ஊத்' என வழங்கிய கருவியே ஐரோப்பாவுக்கு வந்து இப்பெயர் பெற்றது. அச்சொல்லுக்கு 'மரம்' என்பது பொருள். மெல்லிய மரச் சீவல்களை ஒட்டி, பாதிப் பேரிக்காய் போல் வளைத்த முதுகு. அதன்மேல் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பே உள்ள முகப்பலகை. பின்னோக்கி மடங்கிய தலைப்பகுதி. நம் வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்து அசையாதிருக்கும். லூட்டின் மெட்டுகளோ, கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புத் துண்டுகள். தேவைக்கேற்ப அவற்றை நகர்த்திக் கொள்ளலாம்.

1500-ஆம் ஆண்டையொட்டி, இக்கருவியில் 11 நரம்புகளை 6 வரிசைகளாகப் பூட்டினர். மேல் வரிசையில் ஒற்றை நரம்பு. ஏனைய ஐந்திலும் இரட்டை நரம்புகள். அனைத்தும் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தவை. குடல் நரம்பின் ஓசை மனிதக் குரலுக்கு நெருங்கியது. ஆனால் அதன் வாழ்நாள் குறுகியது. ஈரக் காற்றுப் பட்டால் சுருதி மாறும். சற்று மிகையாக முறுக்கினால் அறும். ஆகவே நல்ல நரம்பைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கலையாயிற்று. நரம்பை இரு கைகளிலும் இழுத்துப் பிடித்து விரலால் தட்டிப் பார்க்கவேண்டும். அதிரும்போது இரண்டு தெளிவான கோடுகள் தோன்றினால் அது நல்ல நரம்பு. கோடுகள் கலங்கித் தோன்றினால் தள்ளிவிடத்தக்கது. இவ்வாறு அக்காலக் கையேடுகள் கற்பித்தன. எண்பது வயது வாழ்ந்த லூட் கலைஞர் அறுபது ஆண்டுகளைச் சுருதி கூட்டுவதிலேயே கழித்திருப்பார் என்று யோகான் மாத்தேசன் என்ற ஜெர்மானியர் 1713-இல் எள்ளி நகையாடினார். 1676-இல் நூல் எழுதிய கேம்பிரிட்ஜ் இசைஞர் தாமஸ் மேஸ், நாள்தோறும் ஆள் படுக்கும் கட்டிலின் போர்வைக்குள் லூட்டை வைத்தால் ஈரம் அண்டாது என்று அறிவுரை கூறினார்.

இத்துணை நொய்ந்த கருவியின் இசையை எவ்வாறு பிறருக்கு வழங்கினர்? லூட்டுக்கென்று தனி எழுத்துமுறை ஒன்று இருந்தது. ஆறு கோடுகள் ஆறு நரம்பு வரிசைகளைக் குறிக்கும். அவற்றின்மேல் இத்தாலியர் எண்களையும், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுத்துகளையும் இட்டனர். எந்தச் சுரம் ஒலிக்கவேண்டும் என்று இம்முறை சொல்லாது. எந்த நரம்பில் எந்த மெட்டில் விரலை வைக்கவேண்டும் என்றே சொல்லும். எனவே ஆசான் ஒருவரின் விரல்கள் சென்ற வழியிலேயே, அவரைக் கண்டிராத மாணவரின் விரல்களும் செல்ல முடிந்தது. 1507-இல் வெனிஸ் நகரில் பெத்ருச்சி என்பவர் ஸ்பினசினோவின் இசையை அச்சிட்டபோது, இம்முறையில் அச்சான முதல் லூட் நூல்கள் வெளிவந்தன.

ஆயினும் கையால் படியெடுக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. பிரெசியா நகரத்து வின்சென்சோ கபிரோலாவின் இசையை அவருடைய மாணவர் ஒருவர் 1517-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதி வைத்தார். அறியாதவர் கைகளில் சிக்கி நல்ல நூல்கள் பல அழிந்தமையைக் கண்ட அவர், பக்கங்களின் ஓரமெங்கும் விலங்குகளையும் பறவைகளையும் செடிகொடிகளையும் வண்ணத்தில் வரைந்தார். இசை அறியாதவனும் படத்தின் அழகுக்காகவேனும் ஏட்டைக் காப்பான் என்பது அவர் எண்ணம். அது பலித்தது. அந்த ஏடு இன்று அமெரிக்காவின் சிகாகோ நகரத்து நியூபெரி நூலகத்தில் இருக்கிறது.

அறியாமைக்கு அஞ்சி ஏட்டைக் காத்தவர் இவர். அதனினும் கொடிய ஓர் அச்சத்தின் நடுவே ஏடுகளைச் சேர்த்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார்.

அந்நாட்டில் 1559-ஆம் ஆண்டுச் சட்டம் திருப்பலியை விலக்கியது. அரசுத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வராதவர்க்கு மாதம் 20 பவுன் தண்டம் என்றும், திருப்பலியில் பங்கேற்றவர்க்கு ஓராண்டுச் சிறை என்றும் 1581-இல் விதிக்கப்பட்டது. 1585-இல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் அந்நாட்டில் இருப்பதே இராசத் துரோகமாயிற்று. அரசவை இசைஞராயிருந்தும் கத்தோலிக்கராகவே வாழ்ந்த வில்லியம் பேர்ட், தாம் இயற்றிய மூன்று திருப்பலி இசைகளையும் 1592-க்கும் 1595-க்கும் இடையில் தலைப்புப் பக்கமே இல்லாமல் அச்சிடச் செய்தார்.

இச்சூழலில் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த கத்தோலிக்கச் செல்வர் எட்வர்ட் பாஸ்டன் (1550–1630). அவர் அரசியலில் பெயர் பெற்றவர் அல்லர், மறைசாட்சியும் அல்லர். இசையைத் திரட்டிப் படியெடுக்கச் செய்வதே அவர் தம் வாழ்நாளெல்லாம் செய்த பணி. பேர்ட், தாலிஸ் ஆகியோரின் பாடல்கள், பழைய திருப்பலிகளுக்காக டவர்னர் முதலியோர் இயற்றியவை, கடல் கடந்து வந்த லாசோ, விக்டோரியா ஆகியோரின் படைப்புகள் யாவும் அவர் இல்லத்தில் குவிந்தன. அவற்றுள் பலவற்றை லூட்டுக்கு மாற்றி எழுதச் செய்தார். ஆங்கில நாட்டில் வழங்கிய எழுத்துமுறையை விடுத்து, இத்தாலிய எண்முறையையே இவ்வேடுகளில் கையாண்டனர். அவர் தம் விருப்ப ஆவணத்திலும் லூட் ஏடுகளைக் குறிப்பிட மறக்கவில்லை.

பேராலயப் பாடகர் குழுவுக்காக இயற்றப்பட்ட ஐந்து குரல் இசையை ஒரு வீட்டின் அறைக்குள் எவ்வாறு கொண்டுவருவது? பயிற்சி பெற்ற பாடகர் ஐவரைத் திரட்டுவது எளிதன்று. பாஸ்டன் ஏடுகள் இதற்கு ஒரு வழி கண்டன. கீழ்க்குரல்கள் அனைத்தையும் லூட்டின் நரம்புகளுக்கு வகுத்துக் கொடுத்தன. மேற்குரலை மட்டும் எழுதாமல் விட்டன. அதனை ஒருவர் பாடவேண்டும். வாசிக்க ஒருவர், பாட ஒருவர் என இருவர் இருந்தால் போதும். ஆலயத்திலிருந்து விரட்டப்பட்ட இசை இல்லத்தில் ஒலிக்கும்.

ஐந்து லூட் ஏடுகள் இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றுள் மூன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லூட்டே வழக்கொழிந்தது. 1893-இல் ஆர்னல்டு டால்மெட்ச் தம் முதல் லூட்டைச் செய்த பின்னரே அது மீண்டும் உயிர்பெறத் தொடங்கியது. 1956-இல் இங்கிலாந்தில் லூட் சங்கம் தோன்றியது. பழைய ஏடுகளைப் படித்து, படியெடுத்து, ஒருவர்க்கொருவர் வழங்கும் வழக்கம் மறுபடியும் தளிர்த்தது.

அவ்வாறு ஏடுகளைத் திறந்தவர்கள் ஒரு துயரத்தையும் கண்டனர். பேர்ட் இயற்றிய சில பாடல்கள் பாஸ்டனின் லூட் ஏடுகளில் மட்டுமே கிடைக்கின்றன. கீழ்க்குரல்கள் முழுமையாக உள்ளன, மேற்குரல் இல்லை. அதனைத் தாங்கியிருந்த பாட்டு ஏடுகள் அழிந்துபோயின. அறிஞர்கள் கீழ்க்குரல்களின் போக்கை ஆராய்ந்து, விடுபட்ட குரலை உய்த்துணர்ந்து எழுதிச் சேர்க்கின்றனர். அது பேர்டின் குரலுக்கு நெருங்கியதாக இருக்கலாம். பேர்டின் குரலே ஆகிவிடாது.

படியெடுத்தவர் மேல் குற்றமில்லை. பாட ஓர் ஆள் எப்போதும் இருப்பார் என்று அவர் நம்பினார். தண்டத்துக்கும் சிறைக்கும் அஞ்சிய நாள்களிலும் அந்த நம்பிக்கை அவரை விட்டு அகலவில்லை. பாடுபவர் இல்லாத காலம் ஒன்று வரும் என்றுதான் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் இல்லங்களிலும் செபநூல் உண்டு. பாடல் புத்தகமும் திருவிவிலியமும் உண்டு. விசுவாசத்தின் கீழ்க்குரல்கள் அனைத்தையும் குறைவின்றி எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறோம். ஆனால் மாலை வேளையில் அவர்களோடு அமர்ந்து, அவர்கள் கேட்கும்படி மேற்குரலைப் பாடியிருக்கிறோமா? ஏட்டைக் காப்பதற்கு ஒரு நூலகம் போதும். குரலைக் காப்பதற்கோ வீட்டில் பாடுகின்ற ஒருவர் வேண்டும்.