ஒரு சொடுக்கின் பின்னால்: கணினி வலையமைப்பும் இணையமும் இயங்கும் விதம்

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி இரவு, இந்திய நேரப்படி ஒன்பது மணியைக் கடந்த சிறிது நேரத்தில், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்று சேவைகளும் உலகெங்கும் ஒரே சமயத்தில் முடங்கின. சுமார் ஆறு மணி நேரம் நீடித்த அந்த முடக்கத்துக்கு இணையத் தாக்குதல் காரணமன்று. பராமரிப்புப் பணியின்போது பிறப்பிக்கப்பட்ட தவறான கட்டளை ஒன்றினால் அந்நிறுவனத்தின் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்தது. அதன் தொடர்ச்சியாக, அந்நிறுவனத்தின் கணினிகளை அடையும் வழியை உலகுக்குத் தெரிவிக்கும் அறிவிப்புகளும் இணையத்திலிருந்து விலகிக்கொண்டன. பயனர்களின் தகவல்கள் எதுவும் அழியவில்லை. அவை இருக்கும் இடத்துக்குச் செல்லும் வழி மட்டும் மறைந்துபோயிற்று.

இணையம் எத்தகைய அமைப்பு என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. வங்கிப் பரிவர்த்தனை, தேர்வு விண்ணப்பம், மருத்துவ ஆலோசனை, அரசு நலத்திட்டப் பதிவு என அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இணையத்தைச் சார்ந்துவிட்ட நிலையில், அதன் அடிப்படைகளை அறிந்திருப்பது ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

வலையமைப்பு என்பது என்ன?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் இணைக்கப்பட்டால் அது கணினி வலையமைப்பு எனப்படும். ஒரு வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ அமைவது உள்ளகப் பகுதி வலையமைப்பு. நகரங்களையும் நாடுகளையும் கடந்து விரிவது பரந்த பகுதி வலையமைப்பு. இவ்வாறு தனித்தனியே இயங்கும் பல்லாயிரக்கணக்கான வலையமைப்புகள், பொதுவான விதிமுறைகளுக்கு உட்பட்டு ஒன்றோடொன்று இணைந்திருப்பதே இணையம். அதற்கு ஒரே உரிமையாளரோ ஒரே தலைமையகமோ கிடையாது.

உள்ளகப் பகுதியில் உள்ள கருவிகளை ஸ்விட்ச் இணைக்கிறது. ஒரு வலையமைப்பை மற்றொன்றோடு இணைத்து, தகவல் செல்லவேண்டிய திசையைத் தீர்மானிப்பது ரூட்டர் எனப்படும் திசைவி. வீடுகளில் வைஃபை வழங்கும் சிறு பெட்டி, பெரும்பாலும் இவ்விரண்டு பணிகளையும் சேர்த்தே செய்கிறது. சேவை கேட்கும் கருவி வாடிக்கையாளர் கணினி என்றும், சேவை வழங்கும் கணினி சர்வர் என்றும் அழைக்கப்படுகின்றன.

பொட்டலங்களாகப் பயணிக்கும் தகவல்

பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும் வரை அவர்களுக்கிடையே ஒரு தனித்தடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இருவரும் மௌனமாக இருந்தாலும் அத்தடத்தை வேறொருவர் பயன்படுத்த இயலாது. இதற்கு மாற்றாக, தகவலைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பும் முறையை 1960களில் அமெரிக்காவின் பால் பாரன், பிரிட்டனின் டொனால்ட் டேவிஸ் ஆகியோர் தனித்தனியே முன்வைத்தனர். இன்றைய இணையம் இந்த முறையின் மீதே நிற்கிறது.

ஒரு பொட்டலத்தின் அளவு பொதுவாக 1,500 பைட்டுகளுக்குள் அமைகிறது. கைபேசியிலிருந்து 30 லட்சம் பைட்டுகள் கொண்ட புகைப்படம் ஒன்று அனுப்பப்பட்டால், அது ஏறத்தாழ 2,000 பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் தாங்கிச் செல்கிறது. அவை யாவும் ஒரே பாதையில்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. வரிசையாகத்தான் சேர வேண்டும் என்பதுமில்லை.

பொட்டலங்களை முகவரிக்குக் கொண்டுசேர்க்கும் விதிமுறை ஐபி. வந்து சேர்ந்தவற்றை எண் வரிசைப்படி அடுக்கி, விடுபட்டதை மீண்டும் கேட்டுப் பெறும் விதிமுறை டிசிபி. ஒரு பொட்டலம் தாமதமானாலும் நேரலை உரையாடல் தடைப்படும் என்பதால், காணொளி அழைப்புகளில் பெரும்பாலும் யுடிபி பயன்படுகிறது. அது விடுபட்டதற்காகக் காத்திருப்பதில்லை. அழைப்பின் நடுவே குரல் ஒரு கணம் அறுபட்டுப் பின் தொடர்வதன் காரணம் இதுவே.

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனக் கணினிக்கு முதல் செய்தி அனுப்பப்பட்டது. ‘லாகின்’ என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துகள் சேர்ந்த நிலையில் கணினி செயலிழந்தது. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து டிசிபி/ஐபி உருவானது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுமையாக அம்முறைக்கு மாறியது.

முகவரியும் பெயரும்

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி தேவை. ஐபி நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட் நீளமுடையது. ஆகவே சுமார் 429 கோடி முகவரிகளே சாத்தியம். வட்டார அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க வைத்திருந்த மையத் தொகுப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. ஒரே பொது முகவரியைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டினால் பற்றாக்குறை சமாளிக்கப்பட்டு வருகிறது. நிலையான தீர்வாக வந்த ஐபி ஆறாம் பதிப்பின் முகவரி 128 பிட் நீளமுடையது.

எண்களை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம். எனவே பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்னும் களப்பெயர் முறைமையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். இதன் உச்சியில் 13 பெயர்களைக் கொண்ட மூல சர்வர்கள் உள்ளன. அவற்றின் பிரதிகள் இந்தியா உட்பட உலகின் பல இடங்களில் இயங்குகின்றன. இந்தியாவுக்குரிய டாட் இன் களப்பெயர்ப் பதிவேட்டை, நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் 2005 முதல் நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே அமைந்த டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகிய உயர்நிலைக் களப்பெயர்களும் புழக்கத்தில் உள்ளன.

களப்பெயரின் உரிமையை வலமிருந்து இடமாகவே படித்தறிய வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் ஒரு வங்கியின் பெயர் இருப்பதால் மட்டும் அது அவ்வங்கியின் தளமாகிவிடாது. முதல் சாய்கோட்டுக்கு முன் அப்பெயர் எதில் முடிகிறது என்பதே முக்கியம். மோசடிக்காரர்கள் இந்த நுணுக்கத்தை மக்கள் அறியாததைப் பயன்படுத்திக்கொள்கின்றனர். இதனைத் தடுக்கும் நோக்கில், இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை டாட் பேங்க் டாட் இன் என்னும் தனிக் களப்பெயருக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

பாதையைத் தீர்மானிப்பது யார்?

பெயர் முகவரியாக மாறிய பின், அம்முகவரிக்குச் செல்லும் பாதை தெரிய வேண்டும். ஒவ்வொரு பெரிய வலையமைப்பும், தன்னிடம் உள்ள முகவரிகள் எவை, தன் வழியாக எவற்றை அடையலாம் என்பதை அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கிறது. இதற்கான விதிமுறை பிஜிபி. தொடக்கத்தில் குறிப்பிட்ட 2021ஆம் ஆண்டு முடக்கத்தில் விலகியது, ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்களுக்கான பிஜிபி அறிவிப்புகளே. பெயரை முகவரியாக மாற்ற வழியின்றி, கோடிக்கணக்கான கைபேசிகள் திகைத்து நின்றன.

ஒரே நாட்டுக்குள் செல்லவேண்டிய தகவல் வெளிநாடு சென்று திரும்பினால் செலவும் தாமதமும் கூடும். இதைத் தவிர்க்க, உள்நாட்டு இணையச் சேவை நிறுவனங்கள் தமக்குள் நேரடியாகத் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் நிலையங்களை 2003இல் தொடங்கப்பட்ட நிக்ஸி நடத்தி வருகிறது.

கடலுக்கடியில் உள்ள நரம்புகள்

இணையம் வான்வழியே வருகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் கைபேசிக்கும் அருகிலுள்ள கோபுரத்துக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் தகவல் பெரும்பாலும் காற்றில் செல்கிறது. அதன்பின் அது கண்ணாடி இழை கேபிள்களில் ஒளித்துடிப்பாகப் பயணிக்கிறது. கண்டங்களுக்கு இடையிலான தகவல் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதியைக் கடலடிக் கேபிள்களே சுமக்கின்றன. செயற்கைக்கோள்களின் பங்கு சிறிதே.

இந்தியாவில் மும்பையும் சென்னையும் இக்கேபிள்கள் கரையேறும் முதன்மை நகரங்கள். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ கேபிள் 2002இல் பயன்பாட்டுக்கு வந்தது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆகவே இத்தொலைவைக் கடந்து திரும்ப 32 மில்லி நொடிகள் போதும்.

இக்கேபிள்களுக்குக் கப்பல் நங்கூரமும் மீன்பிடி வலைகளும் முக்கிய அச்சுறுத்தல்கள். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா அருகே மத்தியதரைக் கடலில் இரண்டு கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவிலும் மேற்காசியாவிலும் இணையச் சேவை கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

கேபிள் இல்லாத நிலை எத்தகையது என்பதை அந்தமான் நிக்கோபார் தீவுகள் நெடுங்காலம் அறிந்திருந்தன. செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த அங்கு, இணையம் மெதுவானதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. சென்னையையும் போர்ட் பிளேரையும் வேறு தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் கேபிள் 2024 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியாவில் இணையம்

இந்தியாவில் 1986இல் தொடங்கப்பட்ட எர்நெட் திட்டம் இதற்கு அடித்தளமிட்டது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அமைந்த இவ்வலையமைப்பில் சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இடம்பெற்றன. பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் தொடங்கியது. அந்நாளில் தொலைபேசி வழியே கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட் மட்டுமே. மேற்கூறிய புகைப்படத்தை அவ்வேகத்தில் அனுப்ப நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஆகியிருக்கும்.

இணையமும் வைய விரிவு வலையும் ஒன்றல்ல. இணையம் என்பது சாலை; வலை அதில் ஓடும் ஊர்திகளுள் ஒன்று. மின்னஞ்சல், காணொளி அழைப்பு போன்றவை வேறு ஊர்திகள். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வு மையத்தில் 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்த வலை, 1993 ஏப்ரல் 30 அன்று கட்டணமின்றி அனைவருக்கும் உரியதாக்கப்பட்டது.

பயனர்கள் அறிய வேண்டியவை

பொட்டலங்கள் பல நிறுவனங்களின் கருவிகளைக் கடந்தே செல்கின்றன. இடையில் எவரும் படிக்காதபடி அவற்றை மறையாக்கம் செய்வது ஹெச்டிடிபிஎஸ் முறை. இணைய உலாவியில் தோன்றும் பூட்டுச் சின்னம் பாதை பாதுகாப்பானது என்பதை மட்டுமே உணர்த்துகிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றாகாது. மோசடித் தளங்களும் அச்சின்னத்தைப் பெற இயலும்.

இணைய வேகம் பிட் கணக்கில் குறிக்கப்படுகிறது. கோப்பின் அளவோ பைட் கணக்கில் அமைகிறது. எட்டு பிட்டுகள் ஒரு பைட். எனவே நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில், நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் மட்டுமே இறங்கும்.

யுபிஐ வழியே பணம் செலுத்தும்போது இணைப்பு அறுந்தால், கட்டளை சென்று சேர்ந்து, அதற்கான பதில் மட்டும் திரும்பாமல் போயிருக்கவும் கூடும். திரையில் உறுதிச் செய்தி வரவில்லை என்பதற்காக உடனே மீண்டும் பணம் அனுப்பாமல், முதலில் கணக்கு விவரத்தைச் சரிபார்ப்பதே முறை. பணம் மோசடியாக எடுக்கப்பட்டது தெரியவந்தால், தாமதமின்றி 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். புகார் எவ்வளவு விரைவாகப் பதிவாகிறதோ, அந்த அளவுக்குப் பணத்தை இடையிலேயே முடக்கி மீட்கும் வாய்ப்பு கூடும்.