பல் பாராது வாங்கிய பரி

கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த தமிழர்க்கு, "தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்னும் பழமொழி புதிதன்று. விலைக்கு வாங்கும் மாட்டைப் பல் பார்த்தே வாங்கவேண்டும் என்பது அதன் உட்பொருள். மாட்டு வாணிகத்தில் இத்துணை விழிப்புடைய தமிழகம், குதிரை வாணிகத்தில் பெரும்பொருள் இழந்த வரலாறு வியப்புக்குரியது.

தமிழகத்தின் வெப்பம் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. குதிரைகள் கடல்வழியே வந்தமையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் அவற்றை அரபு நாட்டினின்றும் பாரசீக வளைகுடாவினின்றும் பெற்றனர். காயல் துறைமுகம் அவ்வாணிகத்தின் வாயிலாயிற்று. ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதினார். வழியில் குதிரை இறப்பினும் அதன் விலையைப் பாண்டியர் கருவூலமே தரவேண்டும் என்பது ஒப்பந்தம். பொருளைக் காணுமுன்பே இழப்பை ஏற்றுக்கொண்ட வாணிகம் இது!

அந்நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இதன் விளைவைக் கூறுகிறார். மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவான். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சா. சோறும் இறைச்சியும் கலந்த உணவு அவற்றுக்கு இடப்பட்டது; நோய் தீர்ப்பார் இலர். குதிரை மருத்துவர் இந்நாட்டுக்கு வராதவாறு வணிகரே தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை!

குதிரையைச் சோதிக்கும் அறிவு இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழி நூல் குதிரையின் நோய்களையும் மருந்துகளையும் கூறும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் நற்பரியின் இலக்கணத்தை விரிக்கும். நரிகள் பரிகளான அக்கதையில், அரிமர்த்தன பாண்டியன் அவற்றைக் கண்டு மகிழ்ந்து ஏற்கிறான். கயிறு மாறுகிறது, உரிமையும் மாறுகிறது. இரவில் பரிகள் மீண்டும் நரிகளாகின்றன. இறைவனின் திருவிளையாட்டைக் கூறுவதே புராணத்தின் நோக்கம். ஆயினும், கயிறு மாறிய பின் காணும் குறைக்குப் பயனில்லை என்ற வாணிக உண்மையும் அதனுள் அமைந்திருக்கிறது. சுழியும் நிறமும் நடையும் கண்ணுக்குத் தெரியும், உள்நோய் தெரியாது.

அவ்வுள்நோயை நாடும் கல்வி ஐரோப்பாவில் 1762இல் லியோன் நகரக் கால்நடை மருத்துவப் பள்ளியுடன் நிலைபெற்றது. சென்னையில் அத்தகைய கல்லூரி 1903இல் தோன்றியது. இன்று குதிரை வாங்குவோர் தம் சார்பில் ஒரு மருத்துவரை அமர்த்துகின்றனர். அவர் பல்லால் வயதை மதிப்பிட்டு, கண்ணை இருளறையில் நோக்கி, இதயத்தையும் நுரையீரலையும் ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் கேட்பார். காலைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து, உடனே ஓடவிட்டு நொண்டலைக் காண்பார். வலியை மறைக்கும் மருந்து கொடுக்கப்பட்டுள்ளதா என அறியக் குருதியும் எடுப்பதுண்டு.

பாண்டியரிடம் பொன் இருந்தது. நாட்டில் நூலறிவும் இருந்தது. கயிறு மாறுமுன் வாங்குவோர் பக்கம் நின்று சோதிக்கும் மருத்துவன் ஒருவனே இல்லை. விற்பவர் அவனை அஞ்சியதிலிருந்தே அவன் மதிப்பு விளங்கும்.